மலையில் பிறந்தவளுக்குக் கடல் தாண்டி ஓர் இடம்

1. எல்லோருக்கும் தெரிந்த நான்கு பெயர்கள்

பொதுப் பல்கலைக்கழக முடிவு வெளியான அன்று மதியம் ஷாமினி என் அறை வாசலில் வந்து நின்றாள். ஹேண்ட்போன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முதல் சொல்லே ‘டுக்காசித்தா’. வருந்துகிறோம், உங்களுக்கு இடமில்லை என்பதை மலாயில் அப்படித்தான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை.

கேமரன் மலையில் ஓர் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் நான் நீண்ட காலம் கவுன்சிலிங் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் அழுவதற்கும், பெற்றோர்கள் கோபப்படுவதற்கும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்தவர்கள் மேற்படிப்புக்கு வழி கேட்பதற்கும் என் அறைதான் இடம். இப்போது இந்த வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “டீச்சர், நடுத்தர மார்க் வாங்கின பிள்ளைங்களுக்கு இடம் எப்படித் தேடுறது?” அவர்களுக்கு நான் சொல்வது ஷாமினியின் கதையைத்தான்.

ஷாமினியின் அப்பா மாணிக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுபவர். வெட்டிய கொழுந்தை மலைச்சரிவிலிருந்து ஏற்றி ஃபேக்டரியில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. அம்மா திரிங்காப்பில் காய்கறி பேக் செய்யும் இடத்தில் இருந்தார். அறிவியல் பிரிவில் ஆறாம் படிவம் எடுத்த மிகச் சில தோட்டத்துப் பிள்ளைகளில் ஷாமினி ஒருத்தி. அவளுடைய பாயிண்டர், அதாவது தேர்வுப் புள்ளி, நல்ல பாயிண்டர். ஆனால் உச்சியில் இருப்பவர்களின் பாயிண்டர் இல்லை.

“என்னென்ன சாய்ஸ் போட்ட?” என்று கேட்டேன்.

சொன்னாள். கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருந்தான். மருத்துவம், பார்மசி, பல் மருத்துவம் என்று இவற்றையே மாற்றி மாற்றி நான்கு பல்கலைக்கழகங்களில் கேட்டிருந்தார்கள். நாட்டில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் முதலில் வரும் நான்கு பெயர்கள் அவை. மொத்த நாடும் அந்த நான்கு வாசல்களில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

“இதுல உனக்குப் பிடிச்சது எது?”

“எதுவும் இல்ல டீச்சர். எனக்கு ஜியோலஜிதான் ஆசை. மண்ணு, கல்லு, மலை இதெல்லாம். அண்ணன்தான் அதெல்லாம் ஒரு படிப்பான்னு சிரிச்சாரு.”

நாளை மறுநாள் அப்பா அவளைப் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறாராம். ரிசப்ஷனில் வேலை. மேனேஜரிடம் ஏற்கெனவே பேசிவிட்டார். இதில் எனக்கு அனுபவம் உண்டு. ‘ஒரு வருசம் வேலை செஞ்சிட்டு அப்புறம் படிக்கிறேன்’ என்று போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. இடம் கிடைக்காதவர்கள் மறுபடி கேட்கும் மேல்முறையீட்டுக்கு இருந்த அவகாசமும் குறைவுதான்.

“ஹோட்டலுக்குப் போறதுக்கு முன்னால எனக்கு ஒரு நாள் குடு லா” என்றேன்.

2. விரலால் நகர்த்திப் பார்த்தது

பள்ளி விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நாட்டில் இருக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். புகழை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தேன். அங்கே எத்தனை வகைப் படிப்பு இருக்கிறது? ஒரு படிப்புக்கு எவ்வளவு பேரை எடுக்கிறார்கள்? அந்தப் படிப்பு கேட்கும் குறைந்தபட்சத் தகுதி என்ன?

இப்படிப் பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். தலைநகரைச் சுற்றியுள்ள இடங்களுக்குக் கூட்டம் அதிகம். அதற்குப் படிப்பின் தரம் மட்டும் காரணமில்லை; பெற்றோருக்குப் பெயர் தெரியும், வார இறுதியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். வடக்கே நெல்வயல்களுக்கு நடுவிலும், கிழக்குக் கரையிலும், கடல் தாண்டி சபா சரவாக்கிலும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவையும் அரசாங்கத்தினுடையவை, அவை தரும் பட்டத்துக்கும் அதே மதிப்பு. நம் பிள்ளைகளின் சாய்ஸில் அவை கடைசி வரிக்குக்கூட வருவதில்லை.

சபாவில் ஒன்றைப் பார்த்தேன். நிலவியல் அங்கே தனித் துறையாகவே இருந்தது. ஷாமினியின் பாயிண்டர் அவர்கள் கேட்டதைவிட மேலேயே இருந்தது. கேம்பஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க வரைபடத்தைத் திறந்து விரலால் நகர்த்தினேன். நூலகம் வந்தது. அறிவியல் கட்டடம் வந்தது. இன்னும் நகர்த்தினேன். ஒரு குன்று, அதன் மேல் காடு, அதைத் தாண்டி மாணவர் விடுதிகள், அதைத் தாண்டி மறுபடி ஒரு சாலை. விரல் போய்க்கொண்டே இருந்தது, கேம்பஸ் முடியவில்லை. கடைசியில் நீலமாகக் கடல் வந்து நின்றது. அதுவும் அவர்கள் கரைதான் என்று போட்டிருந்தது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவள். ஒரு கட்டடம், ஒரு பாடாங் திடல், ஒரு கன்டீன். பல்கலைக்கழகம் என்றால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றுதான் அத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தேன். அன்று திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவர்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். பள்ளி ஆசிரியர் என்று சொல்லி, நிலவியலுக்கு மேல்முறையீட்டில் இடம் இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன்.

“இருக்கு சிக்கு. அனுப்பச் சொல்லுங்க” என்றார். சிக்கு என்றால் ஆசிரியர். “ஆனா இந்தத் துறையில வெளிவேலை அதிகம். காடு மலை ஏறணும். அதனால லெச்சரர்கள் வீடியோவுல நேர்முகம் எடுப்பாங்க. ஒண்ணு கேக்கட்டுமா? எங்கேருந்து பேசுறீங்க?”

“கேமரன் மலை.”

அவர் சிரித்தார். “அங்கேருந்து எங்களுக்கு யாரும் போன் பண்ணதே இல்ல.”

3. “பொட்டப்புள்ளைய எப்படி டீச்சர் அனுப்புறது?”

அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போனேன். மாணிக்கம் அப்போதுதான் லோரியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையெல்லாம் பச்சைக் கொழுந்து வாசம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மரியாதையான மனிதர், குறுக்கே பேசவில்லை. கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

“டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. இல்லேங்கல. ஆனா கோலாலம்பூருன்னா நான் ராத்திரியோட ராத்திரியா லோரியக் கூட எடுத்துட்டுப் போய்ப் பாத்துருவேன். இது கடல். பொட்டப்புள்ளைய எப்படி டீச்சர் அனுப்புறது? காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?”

“விண்ணப்பம் மட்டும் போடலாம்பா” என்றாள் ஷாமினி.

“போட்டு கெடச்சிட்டா?”

“கெடச்சா அப்ப பேசிக்கலாம்” என்று அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார். “கெடக்காததுக்கு இப்பவே ஏன் சண்ட?”

அந்த ஒரு வார்த்தையில்தான் விண்ணப்பம் போனது. ஹோட்டல் வேலை ஒரு வாரம் தள்ளிப் போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோரின் பயத்துக்குப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைக் காட்டுவது பதில் ஆகாது. காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பது உண்மையான கேள்வி. விடுதியில் கிளினிக் இருக்கிறதா, தமிழ் மாணவர்கள் இருக்கிறார்களா, விமான நிலையத்திலிருந்து யாராவது அழைத்துப் போவார்களா என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் அடுத்த முறை மாணிக்கம் முன்னால் போனேன்.

4. பாய் கடை மாடியில் நேர்முகம்

நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தோட்டத்து லய வீடுகளில் ஹேண்ட்போன் லைன் மழை பெய்தால் போய்விடும். பள்ளியில் அன்று விடுமுறை. பிரிஞ்சாங்கில் காதர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாடியில் அவருடைய அலுவலக அறை, நல்ல வைஃபை. கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மாணிக்கம் மகளைத் தோட்டத்து வேனில் கூட்டி வந்து விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். நானும் ஷாமினியும் மேலே போனோம். நான் கேமராவில் விழாமல் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே மழை.

திரையில் இரண்டு லெச்சரர்கள் வந்தார்கள். சபாக்காரர்கள், ஓர் அம்மையாரும் ஓர் ஆணும். ஏன் நிலவியல் என்று அம்மையார் கேட்டார். ஷாமினி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினாள். நாட்டின் வளர்ச்சி, இயற்கை வளம் என்று நாலு வாக்கியம் போனது. ஐந்தாவது வாக்கியத்தில் மறந்துவிட்டது. 

அந்த அம்மையார் நல்ல மனுஷி. அவசரப்படவில்லை. “பரவாயில்ல. இப்ப நீ எங்க இருக்க? ஜன்னல் இருக்கா? வெளியே என்ன தெரியுது?” என்று கேட்டார்.

ஷாமினி ஹேண்ட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கடைகளுக்குப் பின்னால் ஒரு வெட்டு மலை. மேலே காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள், கீழே சரிந்த சிவப்பு மண், பாதிக்கு நீலக் கேன்வாஸ் போர்த்தியிருந்தார்கள். நான் தினமும் பார்த்துக்கொண்டே போகும் மலைதான்.

“அது போன மழையில சரிஞ்சது” என்று அவள் மலாயில் பேசத் தொடங்கினாள். குரல் மாறிவிட்டது. “மேல இருக்கிற சிவப்பு மண்ணு கிரானைட் கல்லு உளுத்துப் போனது. கையால நசுக்கலாம். அதுக்குக் கீழ வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்குல, அது இன்னும் முழுசா உளுக்கல. ரெண்டும் சேர்ற இடத்துலதான் தண்ணி கசியுது, பாருங்க, பளபளன்னு ஒரு கோடு. அந்தக் கோடு போன மாசம் இல்ல. அப்புறம் அந்த மரங்களப் பாருங்க. அடியில வளைஞ்சு மேல நேரா போகுது. அப்படின்னா மண்ணு ரொம்ப நாளா மெதுவா இறங்கிட்டு இருக்கு, மரம் ஒவ்வொரு தடவையும் தன்னை நிமித்திக்கிட்டு வளந்திருக்கு. கேன்வாஸ் போட்ட இடம் இனிமே சரியாது. சரிஞ்சா அதுக்கு இடது பக்கம்தான் சரியும்.”

திரையில் இருவரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். “கொஞ்சம் கீழ காட்டு” என்றார் அந்த ஆண். காட்டினாள். “இன்னும் இடது பக்கம்.” அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?” என்று அம்மையார் கேட்டார்.

“கொஞ்சம் இண்டர்நெட்டுல படிச்சேன். மிச்சம் பாத்துப் பாத்துத் தெரிஞ்சது. எங்கப்பா மலை ரோட்டுல லோரி ஓட்டுறாரு. மழை பெஞ்சா எனக்குப் பயமா இருக்கும். எந்த வளைவு இறங்கும், எந்த வளைவு தாங்கும்னு சின்ன வயசுலேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அப்பாகிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. சொன்னா சிரிப்பாரு.”

அப்போதுதான் கதவுப் பக்கம் திரும்பினேன். மாடிப்படியின் கடைசிப் படியில் மாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு டீ கொண்டு வந்திருக்கிறார். கையில் இரண்டு கோப்பை. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. கோப்பைகளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

எத்தனையோ பிள்ளைகளை நேர்முகத்துக்குத் தயார் செய்திருக்கிறேன். எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் செய்தது ஒன்றுமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். அந்த மலை எனக்கு அதற்கு முன் அப்படித் தெரிந்ததே இல்லை.

கீழே வந்தபோது மாணிக்கமும் காதர் பாயும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாயின் மகள் சரவாக்கில் படித்தவள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“போற அன்னிக்கு ஏர்போர்ட்ல அவ அழல மாணிக்கம். நான்தான் அழுதேன்” என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். “முத வருசம் தினம் போன் போடுவேன். ரெண்டாவது வருசம் அவளே சொல்லிட்டா, அத்தா, வாரத்துக்கு ஒரு தடவ போதும்னு. காய்ச்சல் வந்துச்சு. கூட இருந்த புள்ளைங்க கஞ்சி வச்சுக் குடுத்தாங்களாம். தயாக்குப் புள்ளைங்க, அந்த மண்ணோட ஆதிக்குடி. நம்ம புள்ளைக்கு அவங்க கஞ்சி, அவங்க புள்ளைக்கு இவ ரசம்.”

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், “சாப்பிடு” என்று மாணிக்கம் தன் தட்டிலிருந்த ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

5. அந்தக் கரை

‘தஹ்னியா’ வந்தது. வாழ்த்துகள் என்று அர்த்தம். வந்த அன்று ஷாமினி எனக்குச் சொல்லவில்லை. மாணிக்கம்தான் போன் போட்டார். “டீச்சர், கெடச்சிருச்சி. நீங்களும் கூட வரணும். எனக்கு ஏரோப்ளேன் ஏறத் தெரியாது.”

எனக்கும் அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. ஆனாலும் போனேன். மூன்று பேரில் ஷாமினிதான் தைரியமாக இருந்தாள். மேகத்துக்கு மேலே போனதும் மாணிக்கம் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். “நம்ம மலையில காலையில பனி கீழ கெடக்குமே, அந்த மாதிரிதான் இருக்கு. ஆனா முடியவே மாட்டேங்குது” என்றார்.

சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் இருப்பதால், அங்கே இறங்கியதும் நம் நாட்டுக்காரர்களும் குடிநுழைவு மேசையைத் தாண்ட வேண்டும். மாணிக்கத்துக்கு அது புரியவில்லை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே, “இதுவும் மலேசியாதான? அப்புறம் ஏன் கேக்குறாங்க?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். அதிகாரி ஒரு சிறிய சீட்டைக் கொடுத்து, “வெல்கம், அங்கிள்” என்றார்.

கேம்பஸ் வாசலில் நுழைந்த பிறகும் டாக்சி போய்க்கொண்டே இருந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். “வந்துட்டோம், அப்பவே வந்துட்டோம். உள்ளதான் போய்க்கிட்டிருக்கோம்” என்றார் ஓட்டுநர். உள்ளேயே பஸ் ஓடுகிறது. பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிறது. ஒரு மேட்டில் ஏறித் திரும்பியதும் கீழே மொத்தக் கடலும் தெரிந்தது. தூரத்தில் தீவுகள். பிள்ளைகள் புத்தகப் பையோடு கடலைப் பார்க்காமலே நடந்து போனார்கள், அவர்களுக்கு அது தினமும் இருப்பது. நாங்கள் மூவரும் டாக்சியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றோம். கோயிலில் திரை விலகும்போது நிற்போமே, அப்படி நின்றோம்.

அறிவியல் கட்டடத்துக்கு முன்னால் பெரிய பெரிய கற்களைப் பெயர்ப் பலகையோடு வைத்திருந்தார்கள். நேர்முகம் எடுத்த அம்மையார் வெளியே வந்தார். ஷாமினியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, “லோரி ஓட்டுற அப்பா நீங்கதானா?” என்று மலாயில் கேட்டார்.

மாணிக்கம் தலையாட்டினார்.

“உங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாங்க இவளை எடுத்தோம்” என்று சொல்லி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாணிக்கம் பக்கத்திலிருந்த ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

6. கோயில் மண்டபத்தில்

ஷாமினி இப்போது அங்கேதான் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பூட்ஸில் சபா மண் ஒட்டியிருக்கும். அவள் சேர்ந்ததற்கு அடுத்த வருடம் முடிவுகள் வருவதற்கு முன்பே மாணிக்கம் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெற்றோர்களைக் கூட்டியிருக்கிறாராம், நான் வந்து பேச வேண்டுமாம். கம்போங் ராஜாவிலிருந்துகூட சில குடும்பங்கள் வந்திருந்தன.

நான் பேசினேன். எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிது, எந்தப் படிப்புக்குக் கூட்டம் குறைவு, முதலில் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஊரைத் தேடுங்கள் என்றெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மாணிக்கம் எழுந்தார். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர், அதை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“நான் போய்ப் பாத்தேன். பஸ்ல ஏறி ஒரு சுத்து வந்தேன். நம்ம தோட்டத்து டிவிஷன் முழுசும் அதுக்குள்ள அடங்கிடும். எல்லாம் கவர்மெண்டு கட்டுனது. நம்ம வரியிலயும் கட்டுனதுதான். அவ்வளவு இடம் இருக்கு, நமக்குத்தான் பேரு தெரியல. நாம என்னடான்னா எல்லாரும் ஒரே வாசல்ல போயி நின்னுக்கிட்டு, கதவு தொறக்கலன்னு அழுதுக்கிட்டு இருக்கோம்.”

அதன் பிறகு பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். அவருடைய மகன் ஆறாம் படிவத்தில் என் மாணவன். படிப்பு வேண்டாம், காய்கறி லோரிக்குப் போகட்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பியவர் அவர். முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“அண்ணே, அங்க நம்ம சாப்பாடு கெடைக்குமா?”

இந்த வேலையில் நான் கற்றதில் பெரிய பாடம் இதுதான். ஒரு தாய் பிள்ளை அங்கே என்ன சாப்பிடும் என்று கேட்டுவிட்டால், மனதளவில் அவனை அனுப்பிவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கவுன்சிலிங் டீச்சர் பேசக் கூடாது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். மாணிக்கம் பதில் சொல்லத் தொடங்கினார்.